முட்டைக்கோஸைத் தின்றது யார்?

முட்டைக்கோஸ் இலையில் ஓட்டை விழுந்தால் "புழு விழுந்திருச்சு" என்று சொல்லி மருந்து அடிப்பது வழக்கம். எந்தப் புழு என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வைரமுதுகு அந்துப்பூச்சியின் கதை நல்ல உதாரணம்.

1758-ல் கார்ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். விரல் நகம் அளவுதான் இருக்கும். இறக்கையை மடக்கி உட்காரும்போது முதுகில் வைரம் வைரமாகக் கட்டங்கள் தெரியும். பெயர் வந்தது அதனால்தான். புழு வெளிர் பச்சை நிறம், சுமார் ஒரு செ.மீ. நீளம். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு, மேல் தோலைக் கண்ணாடிக் காகிதம் மாதிரி விட்டுவைக்கும். தொட்டால் துடித்துப் பின்னால் நகரும், நூல் விட்டுத் தொங்கும்.

மற்ற புழுக்கள் இப்படி இல்லை. வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு வெல்வெட் துணி போல இருக்கும், மந்தமாக நகரும், பெரிய ஓட்டையாகப் போடும். முதுகை வளைத்து வளைத்து நடந்தால் அது காவடிப்புழு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தது. எல்லாப் பூச்சிக்கும் அதுவே மருந்து என்று நம்பினார்கள். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் லெம்பாங் மலைப்பகுதியில் முட்டைக்கோஸுக்கு அதைத்தான் அடித்தார்கள். 1953-ல், இந்தப் பூச்சி அங்கே டி.டி.டி.க்குச் சாவதில்லை என்ற அறிக்கை வெளியானது. டி.டி.டி.யைத் தாங்கியதாக முதலில் பதிவான பயிர்ப் பூச்சி இதுதான்.

காரணம் எளிது. வெப்பமான இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மருந்துக்குத் தப்பியவை மட்டும் பெருகும். போதாக்குறைக்கு, புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளும் மருந்தில் செத்துவிடும். எதிரியும் இல்லை, மருந்தும் பலிக்கவில்லை. விவசாயிக்கோ ஒவ்வொரு தடவையும் மருந்துச் செலவுதான் ஏறியது.

அடுத்து பாக்டீரியாவிலிருந்து எடுத்த பி.டி. மருந்து வந்தது. அது குளவிகளைக் கொல்லாது. ஜாவாவுக்கு நியூசிலாந்திலிருந்து 1950-களில் கொண்டுவந்த குளவிகள், கடுமையான மருந்துகளுக்குப் பதில் பி.டி. அடித்த பிறகுதான் நன்றாக வேலை செய்தன. ஆனால் அதையும் அடிக்கடி அடித்த ஹவாய் தோட்டங்களில் பூச்சி பழகிவிட்டது. அந்த ஆய்வு 1990-ல் வெளியானது.

இந்தியாவில் முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே கடுகு விதைக்கச் சொல்கிறார்கள். பூச்சி கடுகைத் தேடிப் போகும், கோஸ் தப்பிக்கும். ஆனால் இந்த வழிக்கும் வந்திருப்பது எந்தப் புழு என்று முதலில் தெரிய வேண்டும். இலையைத் திருப்பிப் பார்க்கப் பைசா செலவில்லை. பார்க்காமல் அடித்ததற்குத்தான் உலகம் முழுக்க விவசாயிகள் பெரிய விலை கொடுத்தார்கள்.