இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரி

இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரி (இறப்பு: ஹிஜ்ரி 124 / கி.பி. 742) மதீனாவின் ஹதீஸ் அறிஞர், தாபியீன்களில் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறை) இளையவர். இயற்பெயர் முஹம்மத் இப்னு முஸ்லிம். குறைஷியரின் ஸுஹ்ரா கிளையில் ஹிஜ்ரி 50-களில் பிறந்தார். நபிகளாரின் தாயார் ஆமினாவும் அக்கிளையினரே.

ஸயீத் இப்னுல் முஸய்யப், உர்வா இப்னுஸ் ஸுபைர் ஆகியோரிடம் பாடம் கேட்டார். நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக்கிடமும் கேட்டதுண்டு. கேட்டதை மனனம் செய்வதே அன்றைய வழக்கம். ஸுஹ்ரி எழுதியும் வைத்தார். உடன் பயின்ற ஸாலிஹ் இப்னு கைஸான் நபிமொழிகளோடு நிறுத்திக்கொள்ள, இவர் நபித்தோழர்களின் கூற்றுகளையும் குறித்துக்கொண்டார். அவர் வென்றார், நான் இழந்தேன் என்று ஸாலிஹ் பின்னாளில் வருந்தியதாகக் குறிப்பு உண்டு.

தந்தையார் உமய்யாக்களை எதிர்த்த அப்துல்லாஹ் இப்னுஸ் ஸுபைரின் தரப்பில் நின்றவர். மகனோ வறுமை துரத்த டமாஸ்கஸ் சென்று உமய்யா கலீஃபா அப்துல் மலிக்கின் ஆதரவைப் பெற்றார். கலீஃபா இரண்டாம் உமர் (ஆட்சி 717–720) நபிவழியைத் தொகுக்கப் பணித்தபோது ஸுஹ்ரியின் ஏடுகள் மாகாணங்களுக்குப் போயின. பின்வந்த கலீஃபா ஹிஷாம் தம் பிள்ளைகளுக்கு இவரை ஆசிரியராக்கினார். கை ஓட்டையான இந்த அறிஞரின் கடன்களையும் அடைத்தார். நினைவாற்றலைச் சோதிக்க நானூறு ஹதீஸ்களைச் சொல்லி எழுதவைக்கும்படி கேட்டு, ஏடு தொலைந்ததாகக் கூறி மீண்டும் சொல்லவைத்தார், ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை என்பது புகழ்பெற்ற கதை. கதையில் மெருகு கூடியிருக்கலாம். ஆட்சியாளர்கள் வற்புறுத்தியதால்தான் எழுதவைத்தேன், எழுதிய பின் யாருக்கும் மறுக்க மனமில்லை என்ற கருத்தில் அவர் சொன்னதாக வரும் செய்தியே அவர் நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது.

மாலிக் இப்னு அனஸ், மஅமர் இப்னு ராஷித், சுஃப்யான் இப்னு உயைனா, வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் ஆகியோர் இவருடைய மாணவர்கள். இவர் அறிவித்தவை 2,200 என்றும், அவற்றில் பாதிக்கே முழு அறிவிப்பாளர் தொடர் உண்டு என்றும் ஹதீஸ் தொகுப்பாளர் அபூதாவூத் கணக்கிட்டார். தொடர் அறுந்த இவருடைய முர்ஸல் அறிவிப்புகளை ஹதீஸ் திறனாய்வாளர் யஹ்யா இப்னு ஸயீத் அல்கத்தான் ஏற்கவில்லை. இவருடைய நூல் எதுவும் தனியாகக் கிடைக்கவில்லை. நபிகளாரின் போர்கள் பற்றி இவர் சொன்னவற்றுள் பெரும்பகுதி, மஅமர் வழியாக அப்துர் ரஸ்ஸாக்கின் 'முஸன்னஃப்' நூலில் இருக்கிறது.

அரசவைத் தொடர்பு பிற்காலத்தில் ஐயத்துக்கு இடமளித்தது. ஜெருசலம் உள்ளிட்ட மூன்று பள்ளிவாசல்களுக்கே பயணம் மேற்கொள்ளலாம் என்ற ஹதீஸை, ஜெருசலத்துக்கு யாத்திரிகர்களைத் திருப்ப விரும்பிய அப்துல் மலிக்குக்காக இவர் பரப்பினார் என்று கீழைத்தேயவியல் அறிஞர் இக்னாஸ் கோல்ட்ஸிஹர் 1890-இல் எழுதினார். வரலாற்றாசிரியர் யஅகூபி தரும் செய்தியே அவருக்கு ஆதாரம். ஆனால் ஜெருசலத்தில் அப்துல் மலிக் கட்டிய பாறைக் குவிமாடத்தின் கல்வெட்டு ஆண்டு ஹிஜ்ரி 72. ஸுஹ்ரி டமாஸ்கஸ் சென்றது அதற்குப் பிறகு என்றே பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. அந்த ஹதீஸ் ஸுஹ்ரி இடம்பெறாத தொடர்களிலும் வருவதை ஹதீஸ் ஆய்வாளர் முஸ்தஃபா அஃஸமி முதலியோர் எடுத்துக்காட்டினர்.