முயலுக்கு எத்தனை கால்?

ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்த காலம். என் மதிப்பெண் அட்டையில் கணக்கு ஆசிரியர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: ‘ஆப்ஸ்டினேட்’. காரணம் உண்டு. புத்தகத்தின் பின்பக்கம் போட்டிருந்த ஒரு விடை தப்புன்னு ஒரு வாரம் அவரோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் தப்பு என் பக்கம்தான்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. “என்னடா எழுதியிருக்கு?” என்றார். “உறுதியான பையன்னு போட்டிருக்குப்பா”ன்னு சொல்லிட்டேன். சந்தோஷமா கையெழுத்துப் போட்டார். அந்த உறுத்தல் ரொம்ப வருஷம் இருந்தது. சமீபத்தில்தான் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன்.

‘ஆப்ஸ்டினேட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ஆப்’ என்றால் எதிரே; பின்பாதி ‘நிற்றல்’ என்ற வேரிலிருந்து பிறந்தது. எதிரே போய் நின்றுகொண்டு நகர மறுப்பவர் என்று பொருள் கொள்ளலாம். ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்குகிறது. விதியைக் குறிக்கும் ‘டெஸ்டினி’ இதன் பங்காளி. நம்ம ஊர் ‘ஸ்தானம்’, ‘ஸ்தாபனம்’ எல்லாம் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

ஆங்கிலேயர் நின்றார்கள் என்றால் நாம் பிடித்துக்கொண்டோம். பிடி தமிழ், வாதம் வடமொழி, சேர்ந்தால் பிடிவாதம். ‘தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்ற பழமொழியிலும் அதே பிடிதான்.

பழமொழி என்றதும் ஏற்காட்டில் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவர். 1882இல் ஏற்காட்டில்தான் இறந்தார். பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் இவருடைய மருமகன். அவரும் பின்னாளில் ஏற்காட்டுவாசிதான்.

பெர்சிவல் 1840களில் யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழித் தொகுப்பு போட்டார். அதோடு விடவில்லை. சேர்த்துக்கொண்டே போய், 1874இல் சென்னையில் வெளியிட்ட பதிப்பில் 6,000க்கும் மேல் பழமொழிகள். இடையில் ஏறக்குறைய முப்பது வருஷம்!

இதைப் பிடிவாதம்னு சொல்ல மனசு வரவில்லை. விடாமுயற்சி என்போம். இரண்டிலும் ‘விடமாட்டேன்’ இருக்கிறது. பிறகு என்னதான் வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இதுதான்: விடாமுயற்சிக்காரர் முயலை மறுபடி பார்க்கிறார், நாலாவது கால் தெரிந்தால் ஒப்புக்கொள்கிறார். பழைய தொகுப்பு போதும்னு பெர்சிவல் உட்கார்ந்திருந்தால் அந்த ஆறாயிரம் வந்திருக்காது. நானோ அந்த ஒரு வாரமும் கணக்கை ஒருதரம்கூடத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. ஆசிரியர் எழுதிய சொல் சரிதான்.

போன வாரம் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“உங்க கணக்கு வாத்தியார் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாருடா” என்று சிரித்தார். “நீயா சொல்லட்டும்னு இருந்தேன்.”