கிரியான் ஆறும் எல்லைக்கோடும்

பாரிட் புந்தாரில் ஆற்றைக் கடந்தால் பண்டார் பாரு. முன்னது பேராக், பின்னது நம் முன்னோர் கடாரமென்று வழங்கிய கெடா. சற்றுக் கீழே பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபால். இம்மூன்று ஆட்சிகளுக்கும் பொதுவாய் ஓடி மலாக்கா நீரிணையில் கலப்பது கிரியான் ஆறு.

1874 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள் கையொப்பமான பங்கோர் உடன்படிக்கை, பேராக்கிற்கு ஆங்கில ரெஸிடெண்டைத் தந்ததென்பதை யாவரும் அறிவர். அதிலேயே வேறொரு விதியும் உண்டு. தெற்கிலிருந்து கிரியான் ஆற்றில் வடியும் நிலம் ஆங்கிலேயருக்கு உரியதென்றும், அதனால் வெல்லெஸ்லி மாகாணத்தின் தென்னெல்லை திருத்தப்படுகிறதென்றும் அது கூறிற்று. தண்ணீர் வடியும் திசையைப் பார்த்தே நாட்டெல்லை வகுக்கப்பட்டது! ஆற்றின் தென்புறத்திலுள்ள டிரான்ஸ்கிரியான் தோட்டத்தின் பெயருக்குக் 'கிரியானுக்கு அப்பால்' என்பதே பொருள்.

அந்நிலத்தின் பெரும்பகுதி சதுப்பு. அதில் கரும்பு விளையவேண்டுமாயின் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கவேண்டும். அவ்வேலைக்கெனக் கப்பலேறி வந்தோருள் நம்மவர் பலர். கடனும் ஒப்பந்தமும் அவர்தம் கால்களைக் கட்டின. காய்ச்சல் பலரை மாய்த்தது. 1910 இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ரப்பர் வந்து கரும்பை அகற்றிற்று. உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பிரபுக்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களை யார் அறிவார்?

ஆற்றின் முகத்துவாரத்தில் கண்டல் மரங்கள் வேரூன்றிச் சேற்றைப் பிடித்து நிற்கின்றன. இறாலும் மீன்குஞ்சும் அவ்வேர்களிடையே வளரும். உப்பும் நன்னீரும் கலக்குமிடத்தில் நீப்பாவும் பெரெம்பாங் மரமும் செழிக்கும். இரவில் அம்மரங்களில் மின்மினிகள் கூட்டமாய் ஒளிவிடும். மேலே காடழிந்து மண் கரைந்தால் கீழே வலைவீசுவோன் வயிறு காயும். மேலே கலங்கிய நீர் எல்லைக் கல்லைக் கண்டு தெளிந்துவிடுமோ?

எனவே ஒன்றை நாம் மனத்திற்கொள்ளவேண்டும். 1874 இல் நிலத்தைக் கைப்பற்ற நினைத்தவர்கள், ஆறும் அதில் வடியும் நிலமும் ஒன்றென்பதை உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வு இன்று ஆற்றைக் காப்பதற்குப் பயன்படட்டும். தோட்டத்து முதியோரிடம் கேட்டு, எந்த வாய்க்காலை யார் வெட்டினர், எந்தக் கரையில் யார் வாழ்ந்தனர் என்று நம் பிள்ளைகள் எழுதிவைக்கட்டும். அரசர் கையொப்பத்தோடு அப்பெயர்களும் சேர்ந்தால்தான் கிரியானின் சரித்திரம் நிறைவுபெறும்.