கணக்குக் கேட்கும் உரிமை



தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் கப்பலும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிப் பலர் அழகாகப் பேசியிருக்கின்றனர். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை அழகுடையதன்று. வங்கிகள் நம் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் கட்டணங்களையும், முறையின்றிப் பிடித்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை வளர்ந்த வரலாற்றையும் பற்றியது என் பேச்சு. வறண்ட பொருள் என்று அஞ்சவேண்டா. உழைப்பவன் கையிலிருந்து வாங்கும் பணத்திற்கு அளவு எது, அந்த அளவை வகுப்பவர் யார் என்னும் கேள்வி இக்கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக் குளித்த காலத்திலேயே அது இங்கே எழுந்தது.

முத்துக் குளிப்பவர், கயிற்றில் கட்டிய ஒரு கல்லின்மேல் காலை ஊன்றி விரைவாகக் கடலின் அடிக்குச் செல்வர். போர்த்துக்கீசியரும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், அந்தக் கல்லையே கணக்கிட்டு வரி வாங்கினர். கல்லுக்கு இவ்வளவு என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். குளிப்பவரின் சமயத்தைப் பொறுத்தும் அத்தொகை வேறுபட்டது. சிப்பி மிகுதியாகக் கிடைத்தாலென்ன, குறைவாகக் கிடைத்தாலென்ன? கல்லுக்குரிய வரி கல்லுக்குரியதே!

பிற்காலத்தில் வேறொரு முறை வழக்கிற்கு வந்தது. எடுத்த சிப்பியை மூன்று கூறாக்கினர். இரண்டு கூறு அரசுக்கு. ஒரு கூறு குளித்தவர்க்கு. 1955 முதல் 1961 வரை இக்கடலில் நடைபெற்ற முத்துச் சலாபங்களே இவ்வகையில் இறுதியானவை. மூன்றில் ஒரு பங்கு போதுமா என்பது வேறு வழக்கு. ஆயினும் அம்முறையில் இரண்டு நற்பண்புகள் இருந்தன. கடலில் இறங்குமுன்பே தன் பங்கு எவ்வளவு என்று குளிப்பவர் அறிந்திருந்தார். கிடைத்ததற்கு ஏற்ப அரசின் பங்கும் கூடிற்று, குறைந்தது. முன்னறிவிப்பு ஒன்று, அளவுக்கேற்ற விகிதம் மற்றொன்று. இவ்விரண்டு சொற்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவை இரண்டையும் வங்கியிடம் கேட்டுப் பெறுவதற்கு மக்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கணக்கில் உள்ளதற்கு மேலாகப் பணம் எடுப்பதை மிகைப்பற்று என்கிறோம். 1728-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், வில்லியம் ஹாக் என்னும் வணிகர்க்கு ராயல் வங்கி இந்த வசதியை அளித்தது. சரக்கு விற்றுப் பணம் வருமுன் கொடுக்கவேண்டிய கடன் வந்துவிட்டால் வணிகர் என் செய்வார்? அந்த இடைவெளியை நிரப்ப எழுந்த ஏற்பாடு அது. நம் ஊர் வணிகரும் இத்தகைய இடைவெளியை அறிந்தவர்களே. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றம் பெற்றது. வங்கி என்பது ஊருக்குத் தேவையான நிறுவனம். அது செய்யும் பணிக்குக் கூலி பெறுவதில் தவறில்லை. இதனை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேலே நியாயம் பேச முடியும்.

ஆனால், கட்டணம் வேறு, தண்டம் வேறு. செய்த பணிக்கு வாங்குவது கட்டணம். சொன்னபடி நடவாமைக்கு விதிப்பது தண்டம். தண்டத்திற்கு எல்லை உண்டு என்பதை இந்திய ஒப்பந்தச் சட்டமே கூறுகின்றது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு உட்பட்டு நியாயமான ஈடு மட்டுமே பெறலாம் என்பது அதன் 74-ஆம் பிரிவு. தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என்பது 72-ஆம் பிரிவு. இச்சட்டம் 1872 செப்டம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நான்கு நாள் கழித்து ஒட்டப்பிடாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையே அக்குழந்தை. அவரைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்வேன்.

சட்டம் இருந்தும் சாமானியனுக்கு அது எளிதிற் பயன்படவில்லை. 1918-இல் வந்த கடுவட்டிக் கடன் சட்டம், அளவிறந்த வட்டியைக் குறைக்கவும், மிகையாக வாங்கியதைத் திருப்பித் தரச் செய்யவும் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. 1984-இல் வங்கிச் சட்டத்தில் செய்த திருத்தமோ, வட்டி மிகுதி என்னும் காரணத்திற்காக வங்கிக் கணக்கை நீதிமன்றம் மீண்டும் திறத்தலாகாது என்று அந்தக் கதவை அடைத்தது. 2001-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு பலகணியைத் திறந்துவைத்தது. தண்ட வட்டியை முதலோடு சேர்த்து, அதன்மேல் மீண்டும் வட்டி ஏற்றலாகாது என்பது அத்தீர்ப்பு.

அயல்நாட்டில் நடந்ததையும் சற்றே நோக்குவோம். இங்கிலாந்தில் மிகைப்பற்றுத் தண்டங்களை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் தத்தம் வங்கிக்குக் கடிதம் எழுதினர். பலர் பணத்தைத் திரும்பப் பெற்றனர். 2007-இல் இது பெரு வழக்காயிற்று. 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. மக்கள் தோற்றார்கள் என்றுதான் அன்று எல்லோரும் எண்ணினர். எழுந்த குரல் அடங்கிவிடவில்லை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், மிகைப்பற்றுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வாங்கும் கட்டணங்களை ஒழித்தன. வழக்கில் தோற்றவர்கள் விதியில் வென்றார்கள்.

நம் நாட்டிலும் வழி மெல்லத் திறந்தது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1995-இல் ரிசர்வ் வங்கி, வங்கிக் குறைதீர்ப்பாளர் என்னும் பதவியை ஏற்படுத்தியது. அவரிடம் முறையிட வழக்கறிஞர் வேண்டா, கட்டணமும் இல்லை. 2012-இல் குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வந்தது. 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்து, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆணை நம் பேச்சுக்கு மிக முக்கியமானது. இருப்புக் குறைந்தால் வங்கி முதலில் அதனைக் கணக்குடையவர்க்குத் தெரிவிக்கவேண்டும். சரிசெய்ய ஒரு மாதமேனும் தரவேண்டும். குறைந்த தொகைக்கு ஏற்பவே தண்டம் இருத்தல் வேண்டும். அத்தண்டத்தால் கணக்கு பூச்சியத்திற்குக் கீழே போய்விடலாகாது. முன்னறிவிப்பும் அளவுக்கேற்ற விகிதமும்! முத்துக் கரையில் கண்ட அதே இரண்டு பண்புகள் அல்லவா இவை?

எனினும் தண்டம் நின்றுவிடவில்லை. 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி குறைந்தபட்ச இருப்புக்கான தண்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. அவ்வாண்டு நவம்பர் வரையிலான எட்டு மாதங்களில் அதனால் கிடைத்தது சுமார் 1,771 கோடி ரூபாய். நாடெங்கும் குறை கூறப்பட்டதன்பின் தொகை குறைக்கப்பட்டது; 2020 மார்ச்சில் அறவே நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் மற்றோர் அறிவிப்பு வெளியிட்டது. யு.பி.ஐ., ரூபே முதலிய மின்முறைகளில் பணம் செலுத்தியதற்காக 2020 சனவரி 1 முதல் கட்டணம் பிடித்திருந்தால், அதனை உடனே திருப்பித் தருமாறு வங்கிகளுக்கு அது அறிவுறுத்தியது. பிடித்த பணம் திரும்பாது என்பது இயற்கை விதியன்று என்பதை இதனால் அறியலாம்.

இத்தொகைகள் மிகச் சிறியவை, இதற்கு இத்துணைப் பேச்சு ஏன் என்று நீங்கள் வினவலாம். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தை உப்பளத் தொழிலாளி. ஐப்பசியில் மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். வீட்டில் காசில்லாத அந்த மாதங்களில்தான் அவள் கணக்கிலும் இருப்புக் குறைந்தது. மாதந்தோறும் தண்டம் பிடித்தார்கள். அறிவிப்பு ஒன்றும் வரவில்லை. பின்னர் அக்கணக்கில் வந்து சேர்ந்த கல்வி உதவித்தொகையின் ஒரு பகுதியும் அப்படியே கரைந்தது. "பணம் இல்லை என்பதற்காகவே பணம் பிடித்திருக்கிறார்கள், ஐயா" என்று அவள் சொன்னாள். பொருளியல் நூல் எதிலும் இத்துணைத் தெளிவான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

வங்கிக்கு அவளே கடிதம் எழுதினாள். நான் திருத்தியது ஒற்றுப்பிழை இரண்டு மட்டுமே. எந்தெந்த நாளில் எவ்வளவு பிடிக்கப்பட்டது, அறிவிப்பு எப்போது அனுப்பப்பட்டது, 2014-ஆம் ஆண்டு ஆணைப்படி இது பொருந்துமா என்று மூன்று கேள்விகளே அதில் இருந்தன. முதற் கடிதத்திற்கு மறுமொழி இல்லை. குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன் என்று குறித்த இரண்டாம் கடிதத்திற்குப் பின், பிடித்த தொகை முழுவதும் கணக்கில் வரவுவைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்வுக் கட்டணத்தை அவள் அப்பணத்தைக்கொண்டே செலுத்தினாள். சிறு தொகை என்பது அதனை இழக்காதவர் சொல்லும் சொல்.

ஆகவே, கேட்கும் முறையை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் கணக்கேட்டையோ கணக்கு அறிக்கையையோ மாதம் ஒருமுறையேனும் படியுங்கள். விளங்காத பிடித்தம் இருந்தால் நாளும் தொகையும் குறித்து, வங்கிக் கிளைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் மறுமொழி வராவிடினும், வந்த மறுமொழி நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் காலந்தாழ்த்தாமல் முறையிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. பிடித்தம் முறையானது என்று தெரிந்தால் அதனை ஏற்றுக்கொள்வதும் உங்கள் கடமையே. கடுஞ்சொல் வேண்டா, கணக்குப் போதும்.

இனி, வ. உ. சி. பற்றிய செய்தி. 1912-இல் சிறையிலிருந்து விடுதலை பெற்ற அவர் சென்னையில் வறுமையில் வாடினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர்க்கென்று சேர்த்த பணம் காந்தியடிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1915-இல் அடிகள் இந்தியாவிற்குத் திரும்பியபின், அப்பணம் குறித்து வ. உ. சி. அவர்க்குப் பன்முறை கடிதம் எழுதினார். அடிகளும் மறுமொழி எழுதினார். முடிவில், 1916-இல் 347 ரூபாய் 12 அணா வ. உ. சி.யின் கைக்கு வந்து சேர்ந்தது. தம் பெருஞ்செல்வத்தை நாட்டிற்கு ஈந்த வள்ளல் அவர். கேட்கப்பட்டவரோ உலகம் போற்றும் உத்தமர். ஆயினும், தமக்குரியதைக் கேட்பதில் வ. உ. சி. இழிவு காணவில்லை, கேட்கப்பட்டதில் அடிகளும் இழிவு காணவில்லை.

அந்தப் பன்னிரண்டு அணாவை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ரூபாயோடு முடித்துக்கொள்ளாமல் அணாவும் எண்ணித் தரப்பட்டது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் மதிக்கும் இடத்தில் கணக்கு அப்படித்தான் தீரும். வங்கிக்கும் நமக்கும் இடையிலும் அத்தகைய கணக்கு நிலவவேண்டுமாயின், முதற் கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும். அதனைத் துணிவோடும் பணிவோடும் கேட்கும் தலைமுறையாக நீங்கள் வளர்வீர்களாக.