தலைக்கு வைத்த எண்ணெயும் புட்டியில் வந்த நுரையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மன்னர்களின் வரலாறோ போர்களின் வரலாறோ அன்று. நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் ஷாம்புப் புட்டியின் வரலாறு.

இதைப் பற்றிப் படிக்கும் எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நான்காம் ஆண்டு படித்த ஒரு மாணவி, நாள்தோறும் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருவாள். நெற்றியில் வழியும் எண்ணெய் கையில் ஒட்டி, பயிற்சிப் புத்தகத்தில் கறையாகப் படியும். "இனிமேல் எண்ணெய் வைத்துக்கொண்டு வராதே" என்று ஒரு நாள் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முதல் அவள் எண்ணெயை அறவே விட்டு, தினமும் ஷாம்பு போட்டுக் குளித்தாள். இரண்டு மாதத்தில் முடி வறண்டு, சிக்குப் பிடித்து, சீப்பு வைத்தால் ஒடிந்தது.

அவள் தாயார் பள்ளிக்கு வந்தார். தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குபவர். அவர் கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், எங்க பாட்டி காலத்துலேருந்து எண்ணெய் வைக்கிறோம். அது தப்புன்னா ஏன் தப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. காரணம் தெரியாமலேயே ஒரு குழந்தையின் பழக்கத்தை மாற்றியிருந்தேன். அதன் பிறகு தேடிப் படித்தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஷாம்பு என்பது ஆங்கிலச் சொல் என்றே நாம் நினைக்கிறோம். அது இந்தியாவிலிருந்து போன சொல். இந்தியில் 'சாம்போ' என்றால் 'அழுத்து, பிடித்துவிடு' என்று பொருள். பாட்னாவில் 1759 இல் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 1784 இல் அயர்லாந்து சென்றார். பின்னர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தினார். அங்கே மூலிகை நீராவியில் உடலை வேகவைத்துப் பிடித்துவிடுவதற்கே 'ஷாம்பு செய்தல்' என்று பெயர். 1822 இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் இந்தச் சிகிச்சையைச் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்தச் சொல் தலைமுடியைக் கழுவுவதைக் குறிக்கலாயிற்று. உடம்பைப் பிடித்துவிடக் கிளம்பிய சொல், நுரை பொங்கும் திரவத்தின் பெயராக நம்மிடம் திரும்பி வந்தது!

அந்தச் சொல் பயணம் போன காலத்தில் நம் முன்னோர் தலையை எதனால் கழுவினார்கள்? சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றால். இவற்றில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி நீரோடு சேரும். மறு பகுதி எண்ணெயோடு சேரும். ஆகவே அழுக்கோடு கூடிய எண்ணெயை அது பிடித்திழுத்து நீரில் விட்டுவிடுகிறது. எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் துணையானது இதனால்தான்.

முடியின் அமைப்பையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. தலைக்கு வெளியே நீண்டிருக்கும் முடிக்கு உயிர் இல்லை. கெட்டுப்போனால் தானே ஆறிக்கொள்ளாது. அதன் மேற்புறத்தில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அத்தாப்புக் கூரையின் ஓலைகளைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. செதில்கள் படிந்திருந்தால் முடி வழுவழுப்பாக இருக்கும். அவை தூக்கிக்கொண்டால் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழும். இலேசான அமிலத்தன்மை செதிலைப் படிய வைக்கும். காரத்தன்மை அதைத் தூக்கிவிடும். சீயக்காய்க் கரைசல் இலேசான அமிலத்தன்மை உடையது.

சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. அமில காரத்தை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. சவர்க்கார நீர் 9 முதல் 10 வரை இருக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் அது முடிமேல் வெள்ளைப் படிவாகவும் ஒட்டிக்கொள்ளும். துணி துவைக்கும் சவர்க்காரத்தையே தலைக்கும் போட்டவர்கள் நம்மில் உண்டு. அவர்களுடைய முடி ஏன் நார்போல் ஆயிற்று என்பது இப்போது விளங்கும்.

மேனாட்டாரும் இதே தொல்லையைப் பட்டவர்கள்தாம். பெர்லின் நகரில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்கோஃப் 1903 இல் தலைகழுவும் தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1934 இல் அமெரிக்காவில் 'ட்ரீன்' என்ற ஷாம்பு வந்தது. அது சவர்க்காரம் அன்று. செயற்கைச் சலவைப் பொருளால் ஆனது. எந்தத் தண்ணீரிலும் நுரைத்தது, படிவு விடவில்லை. இன்றைய ஷாம்புகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

அந்தச் சலவைப் பொருள்களில் பெயர் பெற்றது சோடியம் லாரில் சல்ஃபேட். அது புற்றுநோய் தரும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அது எண்ணெய்ப் பசையைக் கடுமையாக நீக்கும். சிலருக்குத் தோலை உறுத்தும். வறண்ட முடியை அதைக்கொண்டு தினமும் கழுவினால் மேலும் வறளும். என் மாணவிக்கு நேர்ந்தது இதுதான்.

'லாரில்' என்ற அந்தப் பெயர் லாரிக் அமிலத்திலிருந்து வந்தது. அந்த அமிலம் எதில் மிகுதி தெரியுமா? தேங்காய் எண்ணெயிலும், செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி அதுவே. சலவைப் பொருளைப் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் செய்கிறார்கள். இந்த நாட்டில் வணிக முறையில் முதன்முதலாக 1917 இல் செம்பனை நடப்பட்ட சிலாங்கூர்த் தோட்டத்தின் பெயரே 'தென்னமரம்' என்பதைக் கேட்டால் வியப்பாக இல்லையா?

அப்படியானால் எண்ணெய் வைப்பது சரியா, தவறா? 2003 இல் இந்திய ஆய்வாளர்கள் இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது. லாரிக் அமிலம் நேரான, சிறிய மூலக்கூறு. ஆகவே முடியின் உள்ளே செல்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆனால் எண்ணெய் புதிய முடியை முளைக்கச் செய்யும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலைத்தோலில் நாள்கணக்கில் ஊறவிடுவதும் நல்லதன்று. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை, கொழுப்புப் பொருளை உண்டு வளர்வது.

இவ்வளவையும் படித்த பிறகு அந்தத் தாயாரைத் தேடிப் போனேன். "அம்மா, எண்ணெய் தப்பில்லை. நான் சொன்ன விதந்தான் தப்பு. குளிப்பதற்கு முந்தின இரவோ, ஒரு மணி நேரம் முன்போ, முடியில் அளவாகத் தடவுங்கள். பிறகு சீயக்காயோ மென்மையான ஷாம்போ போட்டு, வாரம் இரண்டு மூன்று முறை கழுவினால் போதும். பள்ளிக்கு வழிய வழிய வைத்து அனுப்ப வேண்டாம்" என்றேன். நீங்கள் பொறுக்கும் பழத்தின் பருப்பும் அந்த ஷாம்பில் சேர்கிறது என்றும் சொன்னேன். அவர் தம் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். மறுநாள், சிரித்த பிள்ளைகள் எல்லாரும் கேட்க, அந்த மாணவியிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

நேயர்களே, பழையது என்பதால் ஒன்றைத் தள்ளவும் வேண்டாம். புதியது என்பதால் ஒன்றைத் தூற்றவும் வேண்டாம். புட்டியின் முன்புறத்துப் படத்தை விட்டு, பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படிப்போம். எது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.