கடினக் குரோம் முலாம்: துப்பாக்கியும் ஷாக் அப்சார்பரும்

கடினக் குரோம் முலாம் என்பது எஃகின்மேல் மின்சாரத்தின் மூலம் ஏற்றப்படும் தடித்த குரோமியப் படலம். பட்டறைப் பேச்சில் ஹார்டு குரோம். கருநீல நிறம் தேய்ந்த துப்பாக்கியைப் புதுப்பிக்கவும் இதைக் கையாள்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இதன் பெரிய களம் ஆயுதமல்ல, வாகனம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைத் தாண்டினால் ஒரகடம். அங்கே 2010-இல் ரெனோ–நிசான் கூட்டாகத் தொடங்கிய ஆலையும் 2013 முதல் ராயல் என்ஃபீல்டும் இயங்குகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. இத்தகைய வண்டிகளின் ஷாக் அப்சார்பர் தண்டிலும் பைக்கின் முன்ஃபோர்க் குழாயிலும் பளபளப்பது பெரும்பாலும் இந்த முலாம்தான்.

துப்பாக்கியின் கருநீலம் மேலே பூசியதல்ல. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவிட்டு முக்கியெடுத்தால், எஃகின் மேற்பரப்பே மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது. அதன் தடிமன் ஓரிரு மைக்ரான். துருவை உண்மையில் தடுப்பது அதில் ஊறி நிற்கும் எண்ணெய்தான். கை வியர்வை படும் இடத்தில் துடைக்க மறந்தால் முதல் செம்புள்ளி அங்கேதான் தெரியும். நீலமேற்றினால் பாகத்தின் அளவு மாறுவதில்லை. குரோம் அப்படியல்ல. 10 மைக்ரான் ஏறினால் தண்டின் விட்டம் 20 மைக்ரான் கூடும். ஷாக் தண்டை முலாமுக்குப் பின் கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவரலாம். வளைவும் வெட்டும் நிறைந்த துப்பாக்கி உடலில் அதற்கு வழியில்லை. முலாமுக்கு இடம் விட்டு முன்னதாகவே எஃகைக் குறைக்காவிட்டால், ஒன்றுக்குள் ஒன்று வழுக்க வேண்டிய பாகங்கள் சிக்கிக்கொள்ளும்.

பழைய நீலத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழற்றி, பிறகு பஃபிங் செய்வார்கள். வேலையின் தரம் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. குரோம் துருக்குழியை நிரப்பாது. இருந்தபடியே காட்டும், பளபளப்பில் இன்னும் துலக்கமாக. குழியைப் போக்க அழுத்தித் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கும், பொறித்த எண்ணும் தேயும். அந்த எண்ணை அழிப்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடைசெய்கிறது. பழுதுபார்க்கும் தொழிலுக்கே 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். ஆகவே எவ்வளவு கைதேர்ந்த பிளேட்டிங் பட்டறையானாலும் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் புதுப்பிக்கும் வேலையை ஏற்க முடியாது.

வழக்கமான முலாம் தொட்டியில் லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம், 2.5 கிராம் கந்தக அமிலம். வெப்பம் 50 முதல் 60 டிகிரி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் 1920-களில் தொழில்முறையாக நிலைநிறுத்திய இந்த நூற்றுக்கு ஒன்று விகிதம் இன்றும் மாறவில்லை. நேர்மின்வாயான ஈயத் தகடு கரைவதில்லை. படியும் குரோமியம் முழுவதும் கரைசலிலிருந்தே வருகிறது. மணிக்குச் சுமார் 25 மைக்ரான் ஏறும். கடினம் விக்கர்ஸ் அளவில் 850 முதல் 1000 வரை. மின்னோட்டம் விளிம்புகளை நாடுவதால் அங்கே தடிப்பாகவும் உட்குழிவில் மெலிதாகவும் படிகிறது. குழலுக்குள் ஏற்ற, நடுவே தனி மின்வாய் செருக வேண்டும்.

மின்சாரத்தில் 10 முதல் 20 விழுக்காடுதான் முலாமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனை உண்டாக்குகிறது; அதில் ஒரு பங்கு எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். சுருள்வில் போன்ற உறுதிமிக்க எஃகுப் பாகங்களை முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி அடுப்பில் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். ஈயப்பற்று வைத்து இணைத்த இரட்டைக்குழல் துப்பாக்கியை அந்த அடுப்பில் வைக்க முடியாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நீலமேற்றும் காஸ்டிக் கொதிநீரும் அந்தப் பற்றை அரிக்கும். தாத்தா காலத்து இரட்டைக்குழலுக்கு, துருவேற்றித் தேய்த்து மெதுவாக உண்டாக்கும் பழைய நீலமே தக்கது.

துப்பாக்கியில் குரோமுக்கு உரிய இடம் குழலின் உட்புறம். வியட்நாம் போரில் எம்-16 துப்பாக்கிகளில் சுட்ட தோட்டாவின் கூடு அறைக்குள் சிக்கிக்கொண்டது. அதன் காரணங்களில் ஒன்று குரோம் இல்லாத அறை. 1967-இல் அது சரிசெய்யப்பட்டது. இந்திய ராணுவத்தின் 5.56 மி.மீ. இன்சாஸ் குழலிலும் உட்புறக் குரோம் உண்டு. 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இன்சாஸைத் தயாரித்திருக்கிறது.

வெளிப்புறத்தில் நிலைமை வேறு. ஹார்டு குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு; மெல்லிய படலமானால் ஈரம் ஊடுருவி அடியில் துரு பிடிக்கும். சீராகப் படியும், மின்சாரம் தேவையில்லாத நிக்கல் முலாம் பல துப்பாக்கிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது.

தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அதன் ஆவித்துளி நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பின் தனி அனுமதி இன்றி இதைப் பயன்படுத்த விடுவதில்லை. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மலையே இதன் தீங்குக்குச் சாட்சி. பட்டறைக் கழிவுநீரில் அமிலத்தன்மையை உயர்த்தி சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாகிறது. பிறகு சுண்ணாம்பு இட்டால் குரோமியம் சேறாக இறங்கும். ஆறு, ஏரிகளில் விடும் நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வடிகட்டிய சேறு அபாயகரக் கழிவுக் கணக்கில் சேரும். அதற்கான பொதுக் கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.