மாணவர் பேரவை (தமிழ்நாடு)

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் சார்பில் பேசுவதற்குத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு மாணவர் பேரவை. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், வகுப்புப் பிரதிநிதிகள் இதில் இருப்பார்கள். விடுதிச் சாப்பாடு, கட்டணம், பேருந்து வசதி ஆகியவை குறித்து நிர்வாகத்திடம் பேசுவதும் கலைவிழா நடத்துவதும் வழக்கமான வேலைகள். கேம்பிரிட்ஜில் 1815இலும் ஆக்ஸ்போர்டில் 1823இலும் தோன்றிய விவாத மன்றங்கள் இதற்கு முன்னோடிகள்.

பேரவையின் பலம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் அமைப்பைப் பொறுத்தது. 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இணைப்புக் கல்லூரிகள் இல்லாமல், வகுப்பறையும் விடுதியும் ஒரே வளாகத்தில் அமைய வளர்ந்தது. ஒரு கூட்டம் என்றால் எல்லாரும் வந்து சேரலாம். பின்னாளில் திராவிட இயக்கத் தலைவர்களான இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அங்கே படித்தவர்கள். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற அப்பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவருக்கு அங்கே சிலை உண்டு.

அதே மாதம் பல கல்லூரிகளின் மாணவர் தலைவர்கள் கூடி தமிழ்நாடு மாணவர் இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழுவை அமைத்தார்கள். தமிழ்நாட்டில் தனித்தனிப் பேரவைகள் ஓர் அணியாகத் திரண்டதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. பெ. சீனிவாசன், கா. காளிமுத்து, எல். கணேசன், நா. காமராசன் முதலானோர் அதில் இருந்தனர். விளாத்திகுளம் பக்கத்து இராமச்சந்திராபுரத்துக்காரரான கரிசல் எழுத்தாளர் பா. செயப்பிரகாசமும் அந்தக் குழுவில் ஒருவர், சிறைக்கும் போனார். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தவர் இந்தச் சீனிவாசன்தான். மாணவர் அரசியலைக் கண்டு நிர்வாகங்களும் ஆட்சியாளர்களும் பின்னாளில் காட்டிய அச்சத்துக்கு இந்த வெற்றியும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

நெல்லைச் சீமையில் நினைவில் நிற்பது 1972. பேராசிரியர் ஒருவர் காவல்துறையிடம் அடிபட்டதைக் கண்டித்துப் பாளையங்கோட்டை மாணவர்கள் ஊர்வலம் போனபோது தடியடி நடந்தது. லூர்துநாதன் என்ற மாணவர் தாமிரபரணியில் மூழ்கி இறந்தார். பாளையங்கோட்டையில் அவர் சிலை இருக்கிறது.

ஒரே வளாகத்தில் இருந்த அண்ணாமலை மாணவரோடு ஒப்பிட்டால், தூத்துக்குடிப் பக்கத்துப் புதியம்புத்தூர் மாணவருக்கு நிலைமை வேறு. ஆயத்த ஆடைத் தையலுக்குப் பேர்போன இந்த ஊரிலிருந்து தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ பஸ் ஏறிப் படிக்கப் போகிறவர், அங்குள்ள கலைக் கல்லூரியில் சேர்ந்தால் பட்டம் பெறுவது 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திடம். அதன் இணைப்புக் கல்லூரிகள் கன்னியாகுமரி வரை சிதறிக் கிடக்கின்றன. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழக வளாகம் உள்ள அபிஷேகப்பட்டியில் முடிவாக, மாணவர் பேச முடிந்தது தம் கல்லூரி முதல்வரிடம் மட்டுமே. மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களை வைத்துக் கூட்டம் போடுவதும் கடினம். கேரளத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள்: கல்லூரிதோறும் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் கூடிப் பல்கலைக்கழகப் பேரவையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

மாணவர் பேரவைத் தேர்தலுக்கு விதிகளை வகுத்தது முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு. அதன் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏற்றுச் செயல்படுத்த உத்தரவிட்டது. அதன்படி போட்டியிடும் இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும், அரியர் கூடாது. ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அச்சடித்த சுவரொட்டிக்கு இடமில்லை, கையால் எழுதியதுதான். நிர்வாகிப் பதவிக்கு ஒருமுறை மட்டுமே நிற்கலாம். இந்தக் கடைசி விதி அனுபவமுள்ள தலைவர் உருவாவதையே தடுக்கிறது என்ற குறை நியாயமானது.

தேர்தலை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்றும் அதே பரிந்துரைகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் அதைச் செய்வதில்லை. மதிப்பெண் பார்த்து முதல்வரே நிர்வாகிகளை நியமித்துவிடுவதும் உண்டு. அப்படி அமைவது விழாக் குழுவே தவிர, பேரவை ஆகாது.